அலட்சியம் அல்ல, அதீத அக்கறை
வாடிக்கையாளரைக் கண்டுகொள்ளாததால்தான் பெரிய நிறுவனங்கள் வீழ்ந்தன என்று ஹார்வர்ட் பேராசிரியராக இருந்த கிளேட்டன் கிறிஸ்டென்சன் சொன்னதாக ஒரு கட்டுரையில் படித்தேன். 1997-ல் வந்த ‘தி இன்னோவேட்டர்ஸ் டிலெமா’ புத்தகத்தில் அவர் சொன்னது கிட்டத்தட்ட நேர்மாறு: நல்ல வாடிக்கையாளர் பேச்சைத் தட்டாமல் கேட்டதே வினையாயிற்று. கணினியில் தகவலைச் சேமிக்கும் 8 அங்குல டிஸ்க் டிரைவ் செய்தவர்களிடம், அவர்களுடைய வாடிக்கையாளர்களான மினி கம்ப்யூட்டர்காரர்கள் (மேசைக் கணினியைவிடப் பெரிய கணினி செய்தவர்கள்) கேட்டது கூடுதல் கொள்ளளவு; கொள்ளளவு குறைந்த 5.25 அங்குல டிரைவை அந்த வாடிக்கையாளர்கள் சீந்தவே இல்லை. அது மேசைக் கணினிக்குப் போய், அங்கே வளர்ந்து, அப்புறம் பழைய சந்தைக்கே வந்து 8 அங்குலக்காரர்களைத் தூக்கிச் சாப்பிட்டது. அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர், இப்படி வீழ்த்தியதற்கு டாக்சிச் செயலியான ஊபரை உதாரணம் காட்டியிருக்கிறார். பெரியவர்கள் சீந்தாத இடத்தில் தொடங்கி மேலே ஏறுவதைச் சொல்லும் தன் கோட்பாட்டில் அது அடங்காது என்று 2015-ல் கிறிஸ்டென்சனே எழுதிவிட்டார். ஏற்கெனவே டாக்சி ஏறிக்கொண்டிருந்தவர்களைத்தானே அது முதலில் பிடித்தது! சரி, அவருக்கும் சறுக்கியதுண்டு: 2007-ல் ஐபோன் தேறாது என்றார்.