டிரிப்பை விட வட்டிலப்பம் மேல்
வருடத்துக்கு ஒரு டிரிப் போனால் ஊழியர்கள் நெருங்கிவிடுவார்கள் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. எனக்கு நம்பிக்கை இல்லை. நாங்களும் பாசிக்குடா கடற்கரைக்குப் போனோம். கணக்குப் பகுதி ஒரு மரத்தடியில், மற்றவர்கள் இன்னொரு மரத்தடியில், செல்பி மட்டும் சேர்ந்து. கிழக்கிலங்கையில், எங்கள் கல்முனை அலுவலகத்தில் ஆட்கள் ஒட்டியது நோன்பு மாதத்தில்தான். நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டிய முஸ்லிம் ஊழியர்களின் கடைசி மணி நேர வேலையைத் தமிழ்ப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். பெருநாள் முடிந்து டிபன் பெட்டியில் அவர்கள் வீட்டுப் பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் வந்தது. பெட்டி திரும்பிப் போனபோது உள்ளே முறுக்கு இருந்தது. அப்புறம் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பதிலாகக் கவுன்டரில் முஸ்லிம் ஊழியர்கள் நின்றார்கள், யாரும் கேட்காமலே. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், மேலதிகாரிதான் இதையெல்லாம் தொடங்கிவைக்க வேண்டும் என்கிறார். எங்கள் மேலதிகாரிக்கு விஷயம் தெரிந்ததே வட்டிலப்பத்தில் ஒரு துண்டு அவர் மேசைக்குப் போன பிறகுதான்.