பாட்டிலுக்குக் கட்டாயம், பிள்ளைக்கு இல்லை

சர்க்கரை இல்லாத குளிர்பானம் என்று விற்கிறார்களே, அந்த டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு சேர்த்திருந்தால், ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று ஒரு வரி இருக்கும். நம் நாட்டு உணவு விதிப்படி அந்த வரி கட்டாயம். சரி, தனக்கு அந்த நோய் இருக்கிறது என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்? பிறந்ததும் சோதித்திருந்தால்தான் தெரியும். அந்தச் சோதனை இந்தியாவில் கட்டாயம் இல்லை. உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் வருஷா வருஷம் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு எரிச்சல் வரும்.

விஷயம் அஸ்பார்டேமிலும் இருக்கும் ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கட்டுமானத் துண்டு. நம் உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். பால், பருப்பு, முட்டை, கறி, மீன், ஏன், அரிசியிலும் இருக்கிறது. வளர்ச்சிக்கு வேண்டியது போக மீதியைக் கல்லீரலில் ஒரு நொதி டைரோசினாக மாற்றிவிடும். தைராய்டு ஹார்மோனும் அட்ரினலினும் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் உருவாவது அந்த டைரோசினிலிருந்துதான். நொதிக்கான மரபணு அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதாகவே வந்துவிட்டால், ஃபினைல்அலனைன் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் மூளையைக் கெடுக்கும்; அதுதான் ஃபினைல்கீட்டோனூரியா. கொடுமை என்னவென்றால், பிறக்கும்போது குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். மாதங்கள் கழித்து வீட்டில் சந்தேகம் வரும்போது பாதிப்பு நடந்து முடிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் டாக்டர்களைவிட எனக்குப் பிடித்தவர் ஒரு தாய். நார்வேயில் போர்க்னி எகெலாண்ட். லிவ், டாக் என்று இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் மூளை வளர்ச்சி இல்லை. உடம்பிலும் சிறுநீரிலும் விநோதமான ஒரு வாடை. ஒவ்வொரு டாக்டராக ஏறி இறங்கினார், எல்லோரும் கைவிரித்தார்கள். 1934-இல் ஆஸ்லோவில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரிடம் போனார். மருத்துவம் படிக்கும் முன்பே வேதியியல் படித்தவர் அவர். பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டுப் பார்த்தார், பச்சையாக மாறியது. அப்படி மாறக் காரணமே இல்லை. அந்தத் தாய் லிட்டர் கணக்கில் சிறுநீரைச் சுமந்து வந்து கொடுக்க, அதிலிருந்து ஃபினைல்பைருவிக் அமிலத்தை, அதாவது தேங்கிப்போன ஃபினைல்அலனைனிலிருந்து உண்டாகும் பொருளை, அவர் பிரித்தெடுத்தார். அப்புறம் மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் 430 பேரைச் சோதித்ததில் இன்னும் 8 பேர் அகப்பட்டார்கள். லிவ்வுக்கும் டாக்குக்கும் இதனால் ஒரு பயனும் கிடைக்கவில்லை, அப்போது வைத்தியமே கிடையாது.

வைத்தியத்துக்குக் காரணமும் ஒரு தாய்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஷீலா என்ற சிறுமியின் அம்மா, ஏதாவது செய்யுங்கள் என்று ஹார்ஸ்ட் பிக்கெல் என்ற மருத்துவரை விடாமல் நச்சரித்தார். பால் புரதத்தைச் சிதைத்து, கரித்தூளால் ஃபினைல்அலனைனை வடிகட்டி ஒரு உணவு தயாரித்தார்கள். கொஞ்ச மாதங்களில் ஷீலா தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், வெளிறிய தலைமுடிகூடக் கறுத்தது. இது வெளியானது 1953-இல். பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் காயவைத்துச் சோதிக்கும் மலிவான முறையைக் கொண்டுவந்தார். அறுபது வருஷத்துக்கு மேலாக உலகம் கையில் வைத்திருக்கிற சோதனை இது.

"இந்த நோய் நம்ம ஊரில் ரொம்ப அபூர்வமாச்சே" என்று எப்போதும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஐரோப்பாவில் சுமார் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று, இங்கே அவ்வளவு இல்லை. ஆனால் ஒரே ரத்தத் துளியில் வேறு பல நோய்களையும் பார்த்துவிடலாம். பிறவித் தைராய்டு குறைபாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஆயிரம் குழந்தைக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது, அதுவும் மூளையைத்தான் தாக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் தினம் ஒரு தைராக்ஸின் மாத்திரை, அவ்வளவுதான் செலவு. அப்புறம் சொந்தத்தில் கல்யாணம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள்தான். மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே பழுதான மரபணுவை ஆளுக்கொன்று சுமக்க வாய்ப்பு அதிகம். அப்படிச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்தச் சோதனை நமக்கு வேண்டாம் என்றால் வேறு யாருக்கு வேண்டும்?

கண்டுபிடித்த பிறகு நடத்துவது லேசில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடுமையான வகையில் குழந்தை ஒரு நாளைக்குத் தாங்குவது 250 முதல் 350 மில்லிகிராம் ஃபினைல்அலனைன். நூறு கிராம் அரிசியிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. பருப்பு கிடையாது, முட்டை கிடையாது, சோற்றைக்கூட எடை போட்டுத்தான் போட வேண்டும். புரதமே இல்லாத ஜவ்வரிசிதான் அந்த வீடுகளில் கைகொடுக்கும். புரதத்துக்கு ஃபினைல்அலனைன் இல்லாத மாவு வாங்க வேண்டும், விலை யானை விலை. 2021-இல் வந்த அரிய நோய்க் கொள்கையில் இந்த நோயும் இருக்கிறது, ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே உதவிக்கு விண்ணப்பிக்க முடியும்!

கேரளம், கோவா போன்ற மாநிலங்கள் சில நோய்களுக்காவது இந்தச் சோதனையை ஆரம்பித்தன. தமிழ்நாட்டுக்கு ஆள்பலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பதிவு எண் கொடுத்து, கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போகிறார். டிஸ்சார்ஜ் ஆகும் முன் மஞ்சள்காமாலைத் தடுப்பூசியும் பி.சி.ஜி.யும் போடுகிறோம், அதே நர்ஸ் குதிகாலில் ஒரு குத்து குத்தினால் போதும். தனியார் மருத்துவமனையில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் இன்றைக்கே செய்கிறார்கள். காசு உள்ளவன் பிள்ளைக்கு மட்டும் மூளையைக் காப்பாற்றும் ஏற்பாடாக இது நிற்பதுதான் என் கோபம்.

வீட்டில் பிரசவம் நெருங்குகிறதென்றால் குழந்தை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பால் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் ஆன பிறகு ரத்தம் எடுப்பது நல்லது. முதல் சோதனையில் அளவு கூடுதலாக வந்தாலும் பதற வேண்டாம், மறுசோதனையில்தான் உறுதியாகும். யாரோ சொன்னார்கள் என்று அதுவரை தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.