முதல் ரோலர் கோஸ்டர் கோனி ஐலண்டில் பிறக்கவில்லை

"உலகின் முதல் ரோலர் கோஸ்டர் 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் வந்தது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. லமார்கஸ் தாம்சன் என்ற அமெரிக்கர் அந்த ஆண்டு அங்கே 'ஸ்விட்ச்பேக் ரயில்வே' என்ற ரோலர் கோஸ்டரைத் திறந்தது உண்மைதான், அமெரிக்கா முழுக்க இந்தச் சவாரியைப் பரப்பிய பெருமையும் அவருக்கு உண்டு. ஆனால் 1817-லேயே பாரிஸில் சக்கர வண்டிகள் தடத்தில் பாய்ந்து இறங்கின, அதற்கும் முன்பு ரஷ்யாவில் பனிக்கட்டிச் சறுக்குமேடைகள், அப்புறம் பென்சில்வேனியாவில் நிலக்கரி இறக்கப் போட்ட மலை ரயில்பாதையிலேயே மக்கள் காசு கொடுத்துப் போனார்கள். தாம்சனின் வண்டி மணிக்கு சுமார் 6 மைல் வேகம்தான். கோபுரத்தில் ஏறி, பக்கவாட்டில் பார்த்தபடி பெஞ்சில் உட்கார வேண்டும், மறுமுனையில் எல்லோரும் இறங்கி, வண்டியை அடுத்த தண்டவாளத்துக்கு மாற்றிய பிறகுதான் திரும்ப முடியும். கட்டணம் 5 சென்ட், அதற்கே கூட்டம் அலைமோதியது.