"ஓனரை வரச் சொல்லு"

தங்கை மகன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். பத்து வருடமாக அடுத்தவர் வண்டியை ஓட்டிச் சேர்த்த காசு, அவன் அம்மாவின் நகை, காட்டு நிலத்தின் மேல் வாங்கும் கடன் எல்லாவற்றையும் போட்டு ஒரு 12 சக்கர வண்டி எடுக்கப் போகிறான். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் இருந்தே அவனுக்கு இந்த எண்ணம்தான். கையில் மூன்று கம்பெனி கொட்டேஷன் வைத்திருந்தான். "மாமா, எதை எடுக்கட்டும்?" என்றான்.

"மாப்பிள்ளை, மூணு இன்ஜினும் ஓடும். நாளைக்கு அந்த மூணு சர்வீஸ் யார்டு வாசல்லயும் போய் ஒரு மணி நேரம் நில்லு. உள்ளே எத்தனை வண்டியில துணி காயுதுன்னு எண்ணிக்கிட்டு வா" என்றேன்.

அவன் விழித்தான். ரொம்ப நாள் லைனில் ஓடுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் லுங்கியும் துண்டும் காய்ந்தால், அந்த டிரைவர் அங்கே இரண்டு நாளுக்கு மேலாகக் கிடக்கிறார் என்று அர்த்தம். 2024 பிப்ரவரியில் என் லுங்கி அப்படி ஒன்பது நாள் காய்ந்தது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். ஒற்றை வண்டி வைத்து, அதைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர்கள் நம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறோம். எங்களை டீலர்கள் நடத்தும் விதம் சரியில்லை. ரொம்ப நாளாகச் சரியில்லை.

அன்றைக்கு மகாராஷ்டிரா லாசல்காவில் 24 டன் வெங்காயம் ஏற்றி, திருச்சி மண்டிக்கு வந்துகொண்டிருந்தேன். கர்நாடகாவில் ராணிபென்னூர் தாண்டியதும் ராத்திரி இரண்டரை மணிக்கு டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிந்தது. அரை மணி நேரத்தில் வண்டி இழுப்பதை விட்டுவிட்டது. மேட்டில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று மாட்டு வண்டி போல ஏறியது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த லைட் நல்ல பழக்கம். சைலன்சரில் போகும் புகையை ஒரு சென்சார் அளக்கிறது. அளவு தப்பாகத் தெரிந்தாலும், சென்சாரே கெட்டுப்போனாலும், இன்ஜினின் சக்தியைக் கம்ப்யூட்டர் தானாகக் குறைத்துவிடும். காற்று கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது, என் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஆனால் அந்த லைட் எரிந்தால் டீலரைத் தவிர வேறு வழியில்லாமல் போய்விட்டது. என் பழைய வண்டி நின்றால் ஹைவேயில் எந்த ஊர் மெக்கானிக்கும் படுத்து, கையை விட்டு, டீசல் லைனில் ஏர் எடுத்து ஓட்டிவிடுவார். இன்றைக்கு ஸ்கேனரும் சாஃப்ட்வேரும் கம்பெனி கையில். கார் விஷயத்தில் இதே பிரச்சினை வந்தபோது, ஸ்பேர் பார்ட்ஸையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் செய்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. லாரிக்காரர்களுக்காக அப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ந்து ஊர்ந்து தாவணகெரே பக்கம் ஒரு டீலர் யார்டுக்குள் வண்டியை விட்டேன். செவ்வாய்க்கிழமை காலை 7 மணி 10 நிமிடம். கேட்டில் வாட்ச்மேன் நீளமான ரிஜிஸ்டரில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டார். சர்வீஸ் அட்வைசர் ஒன்பதரைக்கு வந்தார். நான் பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார், "ஓனரை வரச் சொல்லு. இல்லைன்னா நம்பர் குடு, நான் பேசிக்கறேன்."

"நான்தாங்க ஓனர்" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். "எத்தனை வண்டி?" என்று கேட்டார். "ஒண்ணுதாங்க." அவ்வளவுதான், மறுபடியும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெளியே உட்காரு, கூப்பிடறேன்."

அந்த "எத்தனை வண்டி" என்ற கேள்வி இருக்கிறதே, அதைச் சொந்த வண்டிக்காரர் ஒவ்வொருவரும் வாழ்க்கையில் நூறு தடவை கேட்டிருப்பார். எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்தக் குரலில் பேசுவார்கள், கஸ்டமர்களுக்கான ஏசி ரூமில் உட்காரலாமா கூடாதா, எல்லாம் அந்தப் பதிலில் முடிவாகிவிடும். அங்கே அந்த ரூம் கண்ணாடிக் கதவில் 'டிரைவர்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். 38 லட்சம் கொடுத்து வண்டி வாங்கிய கஸ்டமர் நான். வண்டியை நானே ஓட்டுகிறேன் என்பதால் ஒன்பது நாளும் வெளியே வேப்ப மரத்தடிதான் எனக்கு இடம். குளிக்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டியிருந்தது.

செவ்வாய் போனது, புதன் போனது. அதற்குள் ஒரே கலரில் ஏழு வண்டிகள் வந்தன, பெரிய கம்பெனி வண்டிகள். வந்த அன்றே அவை உள்ளே போய், அன்று ராத்திரியே நான்கு வெளியே வந்துவிட்டன. அந்த டிரைவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, பாவம், அவர்களும் ஓடினால்தான் பேட்டா. இருநூறு வண்டி வாங்குகிறவருக்கு விலையில் நாலு காசு குறைத்துக் கொடுங்கள், அது உங்கள் வியாபாரம். ஆனால் ரிப்பேருக்கு வந்தவன் முதலில் வந்தானா, பின்னால் வந்தானா என்று பார்க்க வேண்டாமா? இருநூறில் ஒன்று நின்றால் அந்த முதலாளிக்கு 199 ஓடுகிறது. எனக்கு நின்றால் அடுப்பு நிற்கிறது. மாதத் தவணை எனக்கு 78 ஆயிரம், ஒரு நாளைக்கு 2,600 ரூபாய். வண்டி ஓடினாலும் யார்டில் தூங்கினாலும் ஃபைனான்ஸ்காரருக்கு ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதிதான்.

ஜாப் கார்டு, அதாவது வண்டியை வேலைக்கு எடுத்ததற்கான சீட்டு, போட்டது வியாழக்கிழமை சாயங்காலம் 4.30க்கு. இதை ஒவ்வொரு வண்டிக்காரரும் கவனிக்க வேண்டும். 'இத்தனை மணி நேரத்தில் சரி செய்து தருவோம், தாமதமானால் நாளுக்கு இவ்வளவு தருவோம்' என்று விற்கும்போது சொல்கிறார்களே, அந்தக் கணக்கு ஜாப் கார்டு போட்ட நிமிடத்திலிருந்துதான் ஓடும். அதனால் வண்டி யார்டில் எத்தனை நாள் கிடந்தாலும் கார்டு போட மாட்டார்கள். 'வேலை பார்க்கும் பே காலி இல்லை', 'எலக்ட்ரீஷியன் லீவு', 'சிஸ்டம் ஸ்லோ' என்பார்கள். இரண்டரை நாள் கழித்து உள்ளே எடுத்தேன் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து, கீழே என் கையெழுத்தையும் கேட்டார்கள். நானும் போட்டுவிட்டேன். போடாவிட்டால் வண்டியைத் தொட மாட்டார்கள் என்கிற பயம்.

வெங்காயம் பற்றிச் சொல்ல வேண்டும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, வெயிலில் மூன்று நாள் நிறுத்திய வெங்காய லோடு எப்படி இருக்கும் என்று மண்டிக்காரர்களுக்குத் தெரியும். புதன்கிழமை ராத்திரியே கீழ் அடுக்கு மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கேபினுக்குள் படுத்தால் அந்த வாடை தொண்டையில் நிற்கும். வியாபாரி மணிக்கு ஒரு தடவை போன் செய்தார். அவரும் கடன் வாங்கிப் போட்ட சரக்குதானே. வெள்ளிக்கிழமை காலையில் வேறு வண்டி பிடித்து, ஆள் வைத்து மூட்டை மூட்டையாக மாற்றி ஏற்றி அனுப்பினேன். மழையில் நனைந்து லோடு கெட்டிருக்கிறது, பார்ட்டி இறக்க மறுத்திருக்கிறார், அதெல்லாம் பார்த்தவன்தான் நான். ஆனால் வண்டி நல்லபடியாக நிற்க, ஒரு சென்சாருக்காக என் சரக்கை இன்னொருவர் வண்டியில் ஏற்றிவிட்டு வெறும் பாடியைப் பார்த்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சென்சார் ஹூப்ளியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அப்புறம் புனேயிலிருந்து என்றார்கள். ஏழாம் நாள் வந்தது. வாரண்டி இருக்கிறதே என்றேன். "நீ கலப்பட டெஃப் ஊத்தியிருக்கே, வாரண்டி கிடையாது" என்று விட்டார் அட்வைசர். டெஃப் என்பது புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் திரவம், 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். ஒரு சொட்டு எடுத்துக் கையடக்கமான ஒரு கருவியின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரிந்துவிடும், ஒரு நிமிட வேலை. அந்தக் கருவி அவர்கள் மேஜை டிராயரிலேயே இருந்தது. டேங்கைத் திறக்காமல், ஒரு சொட்டு எடுக்காமல், என் பங்க் பில்களை வாங்கிக்கூடப் பார்க்காமல் கலப்படம் என்று சொல்லிவிட்டார். திருடாதவனைத் திருடன் என்றால் எப்படி இருக்கும்? பத்து நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை.

அங்கே வேலை செய்த மெக்கானிக் தம்பி ஒருவன், ஓசூர் பக்கத்துப் பையன், ராத்திரி டீ வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணா, எட்டு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு மூணு பேர் இருக்கோம். ஸ்கேனர் பிடிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். எங்க மேல கோவப்படாதீங்க" என்றான். எனக்கு அவன் மேல் துளியும் கோபமில்லை. வண்டி விற்கும் ஆள் பத்துப் பேரை வைத்துக்கொண்டு, பழுது பார்க்க மூன்று பேரை வைத்திருக்கும் முதலாளியிடமும், அப்படி வைத்திருக்கிறவருக்கு டீலர்ஷிப் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத கம்பெனியிடமும்தான் கேட்கிறேன்.

அதே கம்பெனிதான் 2022ல் என் சேஸ் (பாடி கட்டாத வண்டி) டெலிவரி அன்று எனக்கு மாலை போட்டது. என் வீட்டுக்காரம்மா கையில் பெரிய அட்டைச் சாவியைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க அண்ணா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பேன்" என்று சொன்ன சேல்ஸ் தம்பியின் நம்பர், ராணிபென்னூரில் உண்மையிலேயே ராத்திரி இரண்டரை மணிக்கு நான் கூப்பிட்டபோது உபயோகத்தில் இல்லை. அவன் வேலையை விட்டுப் போய் ஒரு வருடமாகிவிட்டதாம்.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்காரம்மா கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். சரக்கு மாற்றிய கூலி 14,000. மாற்று வண்டி வாடகை 52,000. அழுகலுக்கு வியாபாரி பிடித்தது 35,000. டீலர் பில் 41,300. கூட்டினால் 1,42,300. ஒன்பது நாள் ஓடாமல் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு விஷயம் எனக்கு அப்போது தெரியாது. உங்களில் பல பேருக்கும் தெரியாமல் இருக்கலாம், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். லாரி வியாபார வண்டி, அதற்கு நுகர்வோர் கோர்ட்டில் இடமில்லை என்று டீலர்கள் வாயாலேயே அடைத்துவிடுவார்கள். அது முழு உண்மை கிடையாது. 1995ல் லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில், மிஷின் வாங்கிய அந்தக் கம்பெனி தோற்றது நிஜம்தான். ஆனால் அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணமாகக் காட்டி, பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று சொல்லியிருக்கிறது. உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் சொல்லியிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குவதை வணிக நோக்கம் என்று கொள்ளக் கூடாது என்றே இருக்கிறது. வண்டியை முழுக்க வேறு ஆளிடம் ஓட்டக் கொடுத்தால் கதை வேறு. நாமே ஸ்டியரிங் பிடித்தால் சட்டம் நம் பக்கம்.

தாவணகெரேவில் போய் வழக்குப் போட வேண்டியதுமில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாங்கக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரைக்கும் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான், ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் தவற விடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி நம்பரில் முதலில் புகார் சொல்லலாம். நான் சொன்ன பிறகு, நாலு மாதம் கழித்து சென்சார் காசு மட்டும் திரும்பி வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதியிருந்தார்கள். மீதிக்கு நாமக்கல்லில் வழக்குப் போட்டிருக்கிறேன், நடக்கிறது.

டீலர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி கேட்டுக்குள் நுழைந்த நேரத்தையே ஜாப் கார்டு நேரமாகப் போடுங்கள். வந்த வரிசையில் எடுங்கள், முடியாதென்றால் எப்போது முடியும் என்று எழுதிக் கொடுங்கள், லோடு இருக்கிறவன் அதற்குத் தகுந்த ஏற்பாட்டை முதல் நாளே செய்துகொள்வான். அழுகும் சரக்கு இருந்தால் கொஞ்சம் முன்னே விடுங்கள். வாரண்டி இல்லை என்றால் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு பாத்ரூம் கட்டுங்கள். அந்தக் கண்ணாடிக் கதவில் இருக்கும் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

என் வழக்கில் இப்போது அந்த கேட் ரிஜிஸ்டர்தான் முக்கியமான சாட்சி. செவ்வாய் 7.10 என்று அதில் இருக்கிறது, ஜாப் கார்டில் வியாழன் 4.30. ரிஜிஸ்டரின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியது யார் என்று நான் சொல்லப் போவதில்லை, அவர் வேலை போய்விடும். அதிலிருந்து எந்த சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் வாட்ச்மேன் எழுதி முடித்ததும் அந்த வரியை போனில் எடுத்துக்கொள்கிறேன். தங்கை மகனும் மூன்று யார்டையும் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றில் பதினொன்று, ஒன்றில் ஆறு, ஒன்றில் இரண்டு என்றான். இரண்டு என்ற இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நானும் அவனோடு போகிறேன்.