வெள்ளைக்கார டீச்சர் எத்தனை பேர்?

நேற்றிரவு நைரோபித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. சென்னையிலிருந்து குடும்பத்தோடு வரவிருக்கும் ஒரு தம்பி, பிள்ளைகள் இருவருக்கும் நல்ல பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, என் மகள் படிக்கும் பள்ளி உட்பட நான்கு பள்ளிகளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். அதற்கு நம் மூத்த அண்ணன் ஒருவர், என் மகளின் பள்ளியைப் பற்றி ஒரே வரியில் பதில் போட்டார்: “அங்கே வெள்ளைக்கார டீச்சர் ஒருத்தர்கூட இல்லையேம்மா, அது என்ன பிரிட்டிஷ் ஸ்கூல்?” அதற்குக் கீழே எட்டுப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அந்த எட்டுப் பேரும் யார் யார் என்று தொட்டுப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

குழுவிலேயே பதில் எழுதினால் சண்டையாகிவிடும். பிறகு பொங்கலுக்குக் கூடும்போது முகம் பார்த்துப் பேச முடியாது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்பது பாடத்திட்டத்தின் பெயர். பாடம் நடத்துபவரின் தோலுக்கு வைத்த பெயர் அன்று.

நம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு போல, கேம்பிரிட்ஜ் 1988 முதல் நடத்திவரும் ஐஜிசிஎஸ்இ என்ற தேர்வே, இங்கிலாந்துக்கு வெளியே வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆசிரியர்களிடம் படிக்கிற பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. சில பள்ளிகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதவைக்கின்றன, சில பியர்சன் எடெக்செல் என்ற இன்னொரு வாரியத்தின் தேர்வு, சில பள்ளிகள் பாடத்துக்குப் பாடம் மாற்றி இரண்டையும் வைத்துக்கொள்கின்றன. எதுவானாலும் வினாத்தாள் வெளியிலிருந்து வருகிறது, விடைத்தாள் வெளியே போகிறது. அதைத் திருத்துகிறவருக்கு, சொல்லிக்கொடுத்தவர் யார்க்‌ஷயரில் பிறந்தவரா கென்யாவின் கிசுமுவில் பிறந்தவரா என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. தேவை நம் அண்ணனுக்குத்தான்.

அப்படியானால் பெயர்ப்பலகையில் பிரிட்டிஷ் என்று எழுதியவர்கள் எல்லாரும் ஒன்றுதானா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பதால்தான் சரியான கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன். அந்தப் பள்ளி கேம்பிரிட்ஜிலோ பியர்சனிலோ பதிவு பெற்ற தேர்வு மையமா, அல்லது கடைசி நேரத்தில் பிள்ளைகளை வேறெங்கோ அழைத்துப்போய்த் தேர்வு எழுதவைக்கிறார்களா என்று கேட்கலாம். வெளிநாட்டு பிரிட்டிஷ் பள்ளிகளுக்கென்று பிரிட்டன் கல்வித் துறை ஏற்றுக்கொண்ட ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் ஆய்வுக்குத் தங்களை உட்படுத்திக்கொண்ட பள்ளிகளின் அறிக்கையை நாமே எடுத்துப் படிக்கலாம். படித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். சிரிப்புப் பொம்மை போட ஒரு நொடி போதும்.

சரி, வெள்ளைக்கார ஆசிரியர் கதைக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் நாங்கள் இங்கே வந்தபோது, நைரோபியின் கேரன் பகுதியில் இருந்த ஒரு பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, இதே கேள்வியை நான் கேட்டேன். ஆமாம், நான்தான். ஆங்கிலத்தில் கொஞ்சம் நாசூக்காக, “இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்றேன். எதிரே இருந்த கென்யப் பெண்மணி கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, “பதினொன்று” என்றார். எத்தனையோ இந்தியப் பெற்றோருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில் என்று இப்போது புரிகிறது. அன்று எனக்கு மனம் குளிர்ந்தது. ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் பதினொன்று என்று சொன்னேன். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது: திருநெல்வேலியில் மூன்றாம் வகுப்பு முடித்த பேத்தி எப்படி நேரே இயர் 5 போனாள், டபுள் ப்ரமோஷனா? இங்கே செப்டம்பர் முதல் தேதிக் கணக்கில் வயதை வைத்து இயர் போடுவார்கள், நம் நான்காம் வகுப்புதான் அவர்களுடைய இயர் 5 என்று விளக்குவதற்குள் போனில் காசு தீர்ந்துவிட்டது.

அந்தப் பதினொரு பேரில் என் மகளுக்கு வாய்த்தவர்கள் நல்லவர்கள்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருகிறார்கள். வந்து, பிள்ளைகளின் பெயர் பழகி, மசாய் மாரா பார்த்து முடிப்பதற்குள் அடுத்த நாட்டில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார்கள். ஒன்றரை வருடத்தில் அவளுக்கு மூன்று வகுப்பாசிரியர்கள். மூன்று பேரும் பின்னங்களை முதலிலிருந்து தொடங்கினார்கள். அவளுக்குப் பின்னம் மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே கேட்க வேண்டிய எண் இது அண்ணா: போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள்?

பேருந்தை எப்படி மறப்பேன்? அப்போது எங்கள் வீடு சவுத் பி-யில், என் கணவருக்கு இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வேலை. பள்ளிப் பேருந்து ஐந்து ஐம்பதுக்கு வரும். இந்த ஊரில் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஆறரை மணிக்குத்தான் விடியும் என்பதால், ஒன்பது வயதுப் பிள்ளையை இருட்டில், ஸ்வெட்டர் போட்டு, தூங்குகிறபடியே தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போவேன். இட்லியைப் பேருந்திலேயே சாப்பிடட்டும் என்று கொடுத்துவிடுவேன். மாலையில் டப்பாவைத் திறந்தால், ஒரு இட்லி கடித்தபடி, மற்றது அப்படியே இருக்கும். ஏப்ரல் மழையில் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. எக்ஸ்பிரஸ்வே அப்போது கிடையாது, அது 2022இல்தான் திறந்தது. திறந்த பிறகும், அது போகிற பாதையில் உங்கள் பள்ளி இருந்தால்தான் உங்களுக்குப் பயன். தம்பி, வீட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளியைத் தேடாதீர்கள். பள்ளியை முடிவு செய்துவிட்டு வீட்டைத் தேடுங்கள்.

2021 ஜனவரியில், கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் முழுமையாகத் திறந்தபோது, அவளை இப்போதைய பள்ளிக்கு மாற்றினோம். பழைய பள்ளியிலிருந்து விலக ஒரு டேர்ம் முன்கூட்டி எழுதித் தந்திருக்க வேண்டுமாம். தரவில்லை என்பதால் ஒரு முழு டேர்ம் கட்டணம் போயிற்று. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அது இருந்தது. நான்தான் படிக்கவில்லை, பதினொன்று என்ற எண்ணிலேயே மயங்கிக் கிடந்தேன்.

புதிய பள்ளியில் கணக்குக்கு வந்தவர் ஒரு கென்ய ஆசிரியர். பிள்ளைகள் அவரை ம்வாலிமு என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்வாஹிலியில் ஆசிரியர் என்று பொருள். முதல் தேர்வில் பத்துக் கேள்விக்கும் சரியான விடை எழுதியவளுக்குப் பாதி மதிப்பெண்தான் கொடுத்திருந்தார். நம் ஊர் வழக்கப்படி மனக்கணக்காகப் போட்டு விடையை மட்டும் எழுதியிருந்தாள். நான் கோபமாகப் பள்ளிக்குப் போனேன். அவர் ஒரு பழைய ஐஜிசிஎஸ்இ வினாத்தாளின் விடைக்குறிப்பை எடுத்து மேசையில் விரித்து, இந்தக் கேள்விக்கு நான்கு மதிப்பெண். அதில் மூன்று வழிமுறைக்கு, ஒன்றுதான் விடைக்கு என்று விரல் வைத்துக் காட்டினார். “விடை தவறினாலும் வழி அவளைக் காப்பாற்றும், வழி எழுதாமல் விடையும் தவறினால் காப்பாற்ற யாரும் இல்லை. போலே போலே” என்றார். மெல்ல மெல்ல என்று அர்த்தம். அடுத்த நான்கரை வருடம், இயர் 11 முடியும்வரை, அதே மனிதர் அவளுக்குக் கணக்கு நடத்தினார். ஒவ்வொரு நோட்டிலும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், சிவப்பு மையில் அவருடைய சின்னச் சின்னக் குறிப்புகள் இருக்கும். கென்யாவில் பாடம் நடத்த அரசின் ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அவரும் செய்தவர்தான். ஆனால் அண்ணனுடைய கணக்கில் அவர் பூஜ்யம்.

உச்சரிப்பு என்பீர்கள். ஆங்கில உச்சரிப்பு கெட்டுவிடும் என்று இரண்டு பேர் தனியாகவே எழுதினார்கள். “ஸ்கூல்” என்பதற்கு முன்னால் ஒரு “இ” போட்டு “இஸ்கூல்” என்று வாய்ஸ் நோட் அனுப்பிய அண்ணனே உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டதுதான் நேற்றைய நாளின் சிறப்பு. கென்யர்கள் பேசும் ஆங்கிலம் எழுத்தெழுத்தாகத் தெளிவானது. வந்த முதல் வாரத்தில் எனக்குப் புரிந்த ஒரே ஆங்கிலம் அதுதான்.

எதற்கு பிரிட்டிஷ் பாடத்திட்டம், அடிமைப் புத்திதானே என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் கென்யாவின் சொந்தப் பாடத்திட்டம் 2017 முதல் படிப்படியாக மாறிக்கொண்டிருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி எங்களை தார் எஸ் சலாமுக்கோ துபாய்க்கோ மாற்றினால், அங்கேயும் அதே இயர் 9இல் போய் உட்காரலாம் என்பதற்காகத்தான் எடுத்தோம். அதற்கு மேல் தத்துவம் இல்லை.

ஊருக்குத் திரும்பினால் நீட் எழுத முடியுமா என்பது நியாயமான கவலை, அதை நான் ஒதுக்கமாட்டேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், ஐஜிசிஎஸ்இக்குப் பிறகு இரண்டு வருடம் படிக்கும் ஏ லெவலைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்கிறது. ஆனால் பாடங்களைப் பார்த்து எடுக்க வேண்டும், இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றில் ஒன்றை விட்டாலும் மருத்துவம் கிடையாது. நீட் கேள்விகளோ நம் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டியவை. அதைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். இதையும் அந்தத் தம்பிக்கு எழுதியிருந்தேன். அந்தப் பத்திக்கு ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை.

கடைசியாக, யாரும் வெளிப்படையாகச் சொல்லாத, ஆனால் எனக்குக் கேட்டுவிட்ட ஒன்று: காசில்லாதவள் புளிக்கும் என்கிறாள். ஆமாம், காசு ஒரு காரணம். கிகிரியில் ஐ.நா. அலுவலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். தூதரகக் குடும்பங்களுக்கும் அப்படித்தான். ஆண்டுக்கு இருபது லட்சம் ஷில்லிங்குக்கு மேல் வாங்கும் பள்ளிகள் அந்தச் சலுகையை நம்பி விலை வைத்தவை. எங்கள் கம்பெனி வீட்டு வாடகை தருகிறது, பள்ளிக்கு ஒரு ஷில்லிங் தருவதில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் நான் இரண்டையும் பார்த்தவள். பதினொன்றையும் பார்த்தேன், பூஜ்யத்தையும் பார்த்தேன்.

இதெல்லாம் பள்ளிப் பேச்சு மட்டும்தானா என்று இரவெல்லாம் யோசித்தேன். வெள்ளையர் ஆட்சியில் இந்த நகரத்தில் ஐரோப்பியருக்கு ஒரு பள்ளி, ஆசியருக்கு ஒரு பள்ளி, ஆப்பிரிக்கருக்கு ஒரு பள்ளி என்றுதான் இருந்தது. இன்றைய நைரோபி ஸ்கூல் அன்று வெள்ளைக்காரப் பையன்களுக்கான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்; இன்றைய ஜம்ஹூரி ஹைஸ்கூல் அன்று இந்தியப் பையன்களுக்கான டியூக் ஆஃப் குளோஸ்டர். மேலே அவர்கள், நடுவில் நாம், கீழே மண்ணுக்குரியவர்கள். 1963இல் நாடு விடுதலை பெற்றபோது அந்தப் படிக்கட்டை இடித்துவிட்டார்கள். நாம் மட்டும் நடுப்படியில் உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கீழே இருப்பவர்களைக் குறிக்க நம் வீடுகளுக்குள் புழங்கும் அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கும் தெரியும் என்பதுதான் கொடுமை. நேற்று என் மகள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து அந்த வரியைப் படித்தாள். “அம்மா, அந்த அங்கிள் ம்வாலிமுவைத்தான் சொல்றாரா?” என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன்.

தம்பி, நீங்கள் பள்ளி பார்க்கப் போகும் அன்று இயர் 9 பிள்ளை ஒருவரின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தரமாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் தனியாக எழுதுங்கள், குழுவில் வேண்டாம்.

சிரித்த எட்டுப் பேரில் மூன்று பேருக்கு மட்டும் ஒரு சேதி. போன ஜூனில், தேர்வு முடிந்த கையோடு, “அவள் கணக்கு நோட்டைக் கொஞ்சம் கொடுங்க, எங்க பிள்ளைக்கு டியூஷன்ல சரியா வரலை” என்று வீட்டுக்கே வந்து வாங்கிப்போனீர்கள். நோட்டைத் திருப்பித் தர வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிவப்பு மையில் இருப்பது அவருடைய கையெழுத்துதான்.