எங்கள் கொட்டாய்க்கு வந்து சேராத அறிவிப்பு

தருமபுரி மாவட்டத்து ஊர்களைப் பார்த்திராத நண்பர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஊராட்சி என்பது ஒரே இடத்தில் தெருக்களாகக் கூடி நிற்கும் ஊர் இல்லை. ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில் எல்லாம் இருக்கும் தாய்க்கிராமம் ஒன்று நடுவில் இருக்கும். அதைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குக் கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் இடையில் பத்து வீடு, இருபது வீடு என்று கொட்டாய்கள் சிதறிக் கிடக்கும். கொல்லைக் காவலுக்குப் போட்ட கொட்டகைதான் தலைமுறைகள் பெருகியபோது குடியிருப்பாகி, முதலில் வந்து தங்கியவரின் பெயரோடு சேர்ந்து கொட்டாய் என்று நிலைத்தது. நான் வாழ்க்கைப்பட்டு வந்ததும் அப்படி ஒரு கொட்டாய்க்குத்தான். அங்கிருந்து தார்ச்சாலைக்கு வரவே அரைமணி நேரம் மண்பாதையில் நடக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊராட்சியில் நடந்த கிராம சபையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முந்தைய நாள் மாலையில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்புச் செய்ததாகச் சொல்கிறார்கள். தார்ச்சாலை வரை வந்த அந்த ஆட்டோ அப்படியே திரும்பிவிட்டது. எங்கள் கொட்டாயில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. மறுநாள் நான் வேலை பார்க்கும் பள்ளியில் கொடியேற்றத்துக்காகக் காலையிலேயே கிளம்பிவிட்டேன். பத்து மணி வாக்கில், நூறு நாள் வேலை அட்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வர வேண்டுமாம் என்று பக்கத்துக் கொட்டாய் அக்கா ஒருவர் சொல்லிவிட்டுப் போக, என் மாமியார் உட்பட ஆறு பெண்கள் வெயிலில் நடந்து போய், நீட்டிய பதிவேட்டில் கையெழுத்தும் ரேகையும் வைத்து, அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் திரும்பிவிட்டார்கள்.

இருபது நாட்கள் கழித்து, எங்கள் கொட்டாய்க்கு வருவதாக இரண்டு ஆண்டுகளாகப் பேசப்பட்டுவந்த குடிநீர்த் தொட்டிக்குத் தாய்க்கிராமத்தின் மேற்குப் பக்கம் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். விசாரிக்கப் போன என்னிடம், கிராம சபையில் தீர்மானம் ஆகிவிட்டது என்றும் எங்கள் வீட்டிலிருந்தே கையெழுத்து இருக்கிறது என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "நான் வந்ததுக்குத்தானே கண்ணு கையெழுத்துப் போட்டேன், தண்ணி வேண்டாம்னு போடலியே" என்றார். அந்த வார்த்தையிலிருந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொட்டி அமையவிருக்கும் இடத்தில் குடியிருப்பவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான், அவர்களுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. எங்களைவிட அவர்கள் தேவை பெரியது என்று சபையில் எங்கள் முன்னால் பேசி முடிவெடுத்திருந்தால் நான் அதை ஏற்றுக்கொண்டிருப்பேன். எங்களைப் பாதிக்கும் ஒரு முடிவு எங்களுக்கே தெரியாமல், எங்கள் கையெழுத்தின் மீதே எடுக்கப்பட்டது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தண்ணீர்த் தொட்டி என்பது இந்த மாவட்டத்தில் வெறும் வசதி சார்ந்த விஷயமும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாகக் கலந்திருக்கிறது. பாறைகளிலிருந்து கரைந்து வரும் அந்த உப்பு, குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடிக்கும் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறும். பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். இந்த நோய்க்குத்தான் ஃபுளோரோசிஸ் என்று பெயர். நீரில் ஃபுளோரைடு இருப்பது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். இதற்காகத்தான் 1,928.80 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் எங்கள் தாய்க்கிராமத்து மேல்நிலைத் தொட்டி வரை வருகிறது. வராத நாட்களில் அதே தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றிவிடுகிறார்கள். இன்றைக்குக் குழாயில் வருவது ஆற்று நீரா, போர் நீரா என்பதைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் எப்படி அறிவாள்? யாராவது சொன்னால்தான் அறிவாள். ஆகவே ஊராட்சியின் செய்தி வந்து சேர்வதும் சேராததும் எங்கள் பிள்ளைகளின் எலும்போடும் பல்லோடும் சம்பந்தப்பட்டது என்று நான் சொல்வது மிகையாகாது.

சட்டம் இதை மிகத் தெளிவாகவே வைத்திருக்கிறது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், அதையொட்டி வந்த 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரையும் கிராம சபையின் உறுப்பினர்கள் ஆக்குகின்றன. யாரும் அழைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. என் அத்தை பெயர் வாக்காளர் பட்டியலில் இருப்பதாலேயே இந்தத் தகுதி உடையவர். கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பு இடம், நேரம், பேசப்படும் பொருள் ஆகியவற்றை மக்களுக்கு அறிவிக்க வேண்டும். 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களிலும் சுழற்சி முறையில் கூட்ட வேண்டும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, உலகத் தண்ணீர் நாளையும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளையும் 2022இல் அரசு சேர்த்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆக்கியதை நான் மனதார வரவேற்றவள். ஆறு முறை கூடினாலும் ஏழு நாள் அறிவிப்பு ஒரு முறைகூட எங்கள் மண்பாதையைத் தாண்டி வரவில்லை.

அறிவிப்பு என்றதும் தண்டோராவை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் தமுக்கடித்து ஒவ்வொரு கொட்டாயாக வந்து சொன்னார்கள், அதை நிறுத்தியதால்தான் இந்த நிலை என்று பெரியவர் ஒருவர் என்னிடமே வருத்தப்பட்டார். அதை நான் ஏற்கவில்லை. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதித் தண்டோராவை நிறுத்தச் சொன்னது சரியான செயல். ஒரு சாதியின் தலையில் பிறப்பால் ஏற்றிவைத்த வேலை அது; ஊர் முழுவதும் கால் தேய நடந்து செய்தி சொன்னவரை, செய்தி கேட்டவர்கள் வாசலுக்குள் விட்டதில்லை. அந்தக் கடிதமே வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி மூலை முடுக்கெல்லாம் சொல்லலாம் என்று மாற்றையும் காட்டியது. மூலை முடுக்கு என்ற இடத்தில்தான் எங்கள் ஊராட்சி தவறுகிறது. ஆட்டோ போகாத பாதையில் ஒரு இருசக்கர வாகனம் போகும். அதுவும் போகாத இடத்துக்குத் தாள் போகும்.

வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டோமே என்பது இன்னொரு பதில். எங்கள் ஊராட்சிக் குழுவில் நானும் இருக்கிறேன். கட்சி வாழ்த்துப் படங்களும் காலை வணக்கங்களும் நாளுக்கு நூறு வந்து விழும் இடத்தில், கூட்ட அறிவிப்பு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு ஒரு மங்கலான புகைப்படமாக வந்தது. அதை நான் பார்த்தது கூட்டம் முடிந்த பிறகுதான். எங்கள் கொட்டாயில் கைப்பேசி வைத்திருக்கும் ஆண்களில் பாதிப் பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்களில் பலரிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. கூட்டத்துக்கு வர முடிந்தவரிடம் செய்தி சேர்வதில்லை, செய்தி சேர்பவரால் கூட்டத்துக்கு வர முடிவதில்லை.

ஆனால் செய்தி சேர்க்க முடியாத ஊர்களா எங்கள் ஊர்கள்? ஒரு சாவு விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாக் கொட்டாய்களுக்கும் தெரிந்துவிடுகிறது. மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போட்டால் ஒரு வீடு விடுபடுவதில்லை. திருப்பூரில் தறியோட்டும் மகனுக்கும் சேர்த்து எத்தனை தலைக்கட்டு என்று நோட்டில் எழுதி வைத்து, வீடு வீடாக வந்து, எந்த நாளுக்குள் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நடுகற்கள் நிறைந்த மாவட்டம் இது. எந்த மன்னனின் எந்த ஆட்சியாண்டில், யார், எந்த ஆநிரையை மீட்டு வீழ்ந்தார் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கல்லில் வெட்டி, போவோர் வருவோர் பார்க்கும் இடத்தில் நட்டு வைத்தவர்கள் இந்த மண்ணின் மக்கள். பண்டிகை வரிக்குக் காட்டும் அக்கறையைக் கிராம சபைக்கும் காட்டினால் போதும் என்பதே என் வாதம்.

ஊர்க்கூட்டம் இருக்கும்போது கிராம சபை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் திண்ணையில் கூடும் ஊர்க்கூட்டத்தில் என் அத்தை ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, நானும் உட்கார முடியாது. காலனி மக்களுக்கு அங்கே இடமே கிடையாது. ஆணும் பெண்ணும், எல்லாச் சாதியினரும் ஒரே பந்தலின் கீழ் ஒரே உரிமையோடு உட்காரச் சட்டம் ஏற்படுத்திய ஒரே இடம் எங்கள் ஊரில் கிராம சபைதான். அதனால்தான் அது வெறும் சடங்காகத் தேய்வதைப் பார்க்கும்போது எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

கூட்டப் பொருள் பற்றியும் சொல்ல வேண்டும். திட்டங்களின் பெயர்களோடு மேலிருந்து வரும் பட்டியல் நீளமானது. அதைச் செயலர் வேகமாக வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுகிறார்கள். எங்கள் ஊரின் தண்ணீர், பாதை, சுடுகாடு எல்லாம் கடைசியில் இதர பொருட்கள் என்ற ஒற்றைத் தலைப்புக்குள் அடங்கிவிடுகின்றன. தொட்டி மாற்றமும் அந்தத் தலைப்பில்தான், பெண்கள் எழுந்து போன பிறகு, வந்திருக்கிறது. படிவம் 30 என்று வரவு செலவைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அதை நின்று படிக்கவோ கேள்வி கேட்கவோ நேரம் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் மிகுதி. தமிழே பேசும் எங்களுக்கே விளங்காத அலுவலகத் தமிழ் அவர்களுக்கு எப்படி விளங்கும் என்று அங்கே வேலை பார்க்கும் என் தோழி ஒருமுறை கேட்டார். வாசிப்பவர் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரி பேச்சு வழக்கில் விளக்கம் சொன்னால் கூட்டம் ஒரு மணி நேரம் கூடுதலாக நடக்கும். அந்த ஒரு மணி நேரத்தை அரசு எங்களுக்குத் தர வேண்டும்.

இப்போது எங்கள் குறையைக் கேட்க ஊரில் ஆளும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, எங்கள் ஊராட்சி அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரின் பொறுப்பில் இருக்கிறது. முன்பு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருந்தார். நல்லது கெட்டது எதுவானாலும் பால் ஊற்றும் இடத்தில் அவரை நிறுத்திக் கேட்டுவிடலாம். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அவர் எங்கள் கண்ணெதிரே நடமாடினார். தனி அலுவலருக்கு எங்கள் ஊராட்சி போலப் பல ஊராட்சிகள், பல கோப்புகள். ஒரு கொட்டாயின் மண்பாதை அவர் நினைவில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் மக்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மன்றம் கிராம சபைதான் என்பதால், அறிவிப்பிலும் பதிவேட்டிலும் முன்னைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

வருகைப் பதிவேடு வேறு, தீர்மானப் பதிவேடு வேறு என்பதை ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும், கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலரான பற்றாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தீர்மானத்தை அங்கேயே எழுதி, அங்கேயே உரக்க வாசித்து, அதன் பிறகுதான் அதன் அடியில் கையெழுத்து வாங்க வேண்டும். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்தும் பிறகு அலுவலகத்தில் தீர்மானமும் எழுதும் பழக்கம் எந்த ஊரில் இருந்தாலும் அது மக்களின் பெயரால் செய்யப்படும் தவறு. முந்தைய கூட்டத்தில் நிறைவேற்றியவற்றில் எவை நடந்தன, எவை நின்றுபோயின, ஏன் நின்றன என்பதை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வைக்க வேண்டும். கேட்டவருக்குப் பதில் திரும்பி வராவிட்டால் இரண்டாம் முறை அவர் எதற்காக வெயிலில் நடந்து வருவார்?

சென்ற வாரம் எங்கள் கொட்டாய்ப் பெண்கள் பதினொரு பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். ஆகஸ்ட் 15 தீர்மானப் பதிவேட்டின் நகல் வேண்டும், தொட்டி இட மாற்றத்தை அடுத்த கிராம சபையில் தனிப் பொருளாக வைக்க வேண்டும், அறிவிப்பை ஏழு நாட்களுக்கு முன்பே பால் சொசைட்டி, அங்கன்வாடி, ரேஷன் கடை ஆகிய மூன்று இடங்களிலும் ஒட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். காலையும் மாலையும் எல்லாக் கொட்டாய்க்காரர்களும் கேனோடு வந்து நிற்கும் இடம் பால் சொசைட்டி. அதன் சுவரில் ஒட்டும் தாளை எங்கள் ஊராட்சியில் பார்க்காமல் போகும் வீடு ஒன்றிரண்டுகூட இருக்காது. அங்கே பால் அளப்பவர் சுண்ணாம்பு பூசிய சுவரில் ஒரு பலகை மாட்ட இடம் ஒதுக்கித் தந்துவிட்டார். மனுவில் கையெழுத்துப் போடும் முன் அத்தை அதை என்னை இரண்டு முறை முழுவதும் வாசிக்கச் சொன்னார். முதல் முறை வாசித்ததில் 'ஆவன செய்ய' என்று எழுதியிருந்தது புரியவில்லை என்றார். அதை அடித்துவிட்டு, எங்களுக்குத் தொட்டி கிடைக்குமா கிடைக்காதா என்பதற்குப் பதில் தர வேண்டும் என்று எழுதினோம்.