வேஃபரை வம்புக்கு இழுக்காதீர்கள்

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். "செதில் போன்ற மெல்லிய பெரும்பான்மையுடன் ஆட்சி" என்று ஒரு வரி. மீன் கழுவுகிற இடத்தில் அரசியலுக்கு என்ன வேலை என்று முழித்தேன். அப்புறம்தான் புரிந்தது, ஆங்கிலத்தில் இருந்தது வேஃபர், நடுவே க்ரீம் வைத்த அந்த அடுக்கு பிஸ்கட். மெல்லிசு என்றாலே அங்கே வேஃபரைத்தான் இழுப்பார்கள். நம்மிடம் நூலிழை, மயிரிழை என்று இரண்டு சும்மா கிடக்க, செதிலை எதற்குச் சுரண்டவேண்டும்?

சரி, மொழிபெயர்த்தவரை விடுவோம். எனக்கு அந்த உவமை மேலேயே கோபம். வேஃபரை ஆற அமரத் தின்றவர் யாரும் அதைப் பலவீனத்துக்கு உதாரணம் சொல்லமாட்டார்.

ஒரு துண்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். வியன்னாவின் மானர் நிறுவனம் 1898இல் கொண்டுவந்த நியாபொலிட்டானர் துண்டில் ஐந்து தகடுகள், நடுவே நான்கு அடுக்கு ஹேசல்நட் க்ரீம். கொட்டை இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்ததால் அந்தப் பெயர். தனித் தகடு விரல் பட்டாலே உடையும். ஐந்தை ஒட்டி வைத்தால் பல்லுக்கே கொஞ்சம் வேலை வைக்கும்.

இனிப்புத் தின்பண்டம் என்கிறோம், ஆனால் அந்தத் தகட்டில் இனிப்பு இருப்பதே அரிது. இனிப்பெல்லாம் க்ரீமின் உபயம். மாவைவிடத் தண்ணீர் அதிகம் விட்டு நீர்க்கக் கரைத்து, சூடேறிய இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி மூடிவிடுவார்கள். தண்ணீர் ஆவியாகிப் பீறிட்டு ஓடும்போது மாவெங்கும் பொடிப்பொடியாய்த் துளை விழும். ஓரிரு நிமிடத்தில் தகடு தயார். மாவிலேயே சர்க்கரையைத் தாராளமாகப் போட்டால் கதை வேறு: சூட்டில் வளையும், ஆறியதும் விறைத்துக்கொள்ளும். ஐஸ்கிரீம் கோனைச் சுருட்ட முடிவது அதனால்தான்.

நான் தின்பது முன்பல்லால் மேல் தகட்டை நெம்பித்தான். அது மேலண்ணத்தில் போய் அப்பிக்கொள்ளும். நாக்கு இரண்டு தரம் தடவுவதற்குள் காணாமல் போயிருக்கும். சட்டையில் நாலு பொருக்கு மட்டும் சாட்சிக்கு.

இதில் வேடிக்கை, மெல்லிசாக இருப்பதால் வந்த பெயரே இல்லை இது. வேஃபர், வாஃபிள் இரண்டும் ஒரே வேர். தேன்கூட்டோடு உறவுள்ள சொல். தகட்டின் மேல் பதியும் கட்டம் கட்டமான வரியைப் பார்த்து வைத்திருப்பார்கள். பிரெஞ்சில் 'கோஃப்ர்' என்றால் வாஃபிள், தேன்கூட்டுக்கும் அதே சொல். நாம் மட்டும் என்ன, தட்டில் விழுவதையும் அடை என்கிறோம், தேன் இருப்பதையும் தேனடை என்கிறோம்.

கணினிச் சிப் செய்கிறவர்களும் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 300 மி.மீ. விட்டம், முக்கால் மி.மீ. சொச்சம் தடிமன் கொண்ட சிலிக்கன் வட்டு. அதன் மேல் அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள் என்பதால் அவர்களை மன்னித்துவிட்டேன்.

வேஃபருக்கு எமன் ஈரம். அதனால்தான் நடுவே வைக்கும் க்ரீமில் தண்ணீர் சேர்ப்பதில்லை, கொழுப்பும் சர்க்கரையும்தான். பாக்கெட்டைப் பிரித்து ஓர் இரவு அப்படியே விட்டால் போதும். காலையில் பார்த்தால் அதே ஐந்து தகடு, அதே உயரம். கடித்தால் சத்தமே வராது.

நமத்துப்போதல். எப்பேர்ப்பட்ட சொல்! நமத்துப்போன ஜோக், நமத்துப்போன பேச்சு என்று தினமும் சொல்கிறோம். ஓரிரு ஓட்டில் தொங்கும் ஆட்சிக்கு நூலிழை போதும். ஏகப்பட்ட பேரோடு வந்து உட்கார்ந்து, உள்ளே ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத ஆட்சிகள் இருக்கின்றனவே, அவற்றை 'நமத்துப்போன பெரும்பான்மை' என்று எழுதலாம். இதுவரை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

வெறும் தகடு நமத்தால் லேசாகச் சூடு காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். அந்தத் தைரியத்தில் க்ரீம் வைத்ததையும் ஒருமுறை சூடாக்கினேன். க்ரீம் இளகி, தகடுகள் திசைக்கொன்றாய் வழுக்கிப் போக, வீட்டில் எல்லோரும் ஸ்பூனால் வழித்துத் தின்றோம்.